கொத்தனார் பூசிய வீடு

மின்விசிறியைப் போடலாம் என்று கை வைத்ததுதான் தாமதம், சுவிட்சுப் பெட்டி மொத்தமாகச் சுவரை விட்டுப் பிடுங்கிக்கொண்டு கொத்தனாரம்மாவின் கையோடு வந்துவிட்டது. ஐயோ என்று அலறியவள், அதை ஒயரிலேயே தொங்கவிட்டு ஓடிப்போய் மெயினை அணைத்தாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் திருகாணிகள் எல்லாம் அதனதன் இடத்தில் சமர்த்தாக இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய மரம்தான் இல்லை. திருகாணி முனைகளில் கருப்பாக, ஈரமாக என்னமோ ஒட்டியிருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே நிற்கிற தூண், குடிவந்த புதிதில் படம் மாட்ட அடித்த ஆணியை வளைத்துத் திருப்பி அனுப்பிய அதே தூண், இப்போது விரலுக்கு வழிவிட்டது. தண்ணீரில் விழுந்த ரொட்டியைக் கிள்ளுவதுபோல் கிள்ள முடிந்தது. விரலை வெளியே எடுத்தபோது நகக்கண்ணில் கரையான் ஊர்ந்தது. நாள்பட்ட ஈரத்தின் வாடை அந்த ஓட்டை வழியாக வந்து கூடம் முழுக்க நின்றது.  தலைக்கு நேர் மேலே, மாடி வீட்டில், தையல்காரி தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காகச் சாமான்களை இழுத்துப்போட்டு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இந்த வீடு வந்த கதையே ஒரு கூத்து. வந்த கதை என்றுதான் சொல்ல வேண்டும், கட்டிய கதை என்று சொன்னால் பொய். மரச்சுவர்கள் ஜன்னலோடும் கதவோடும் லாரியில் படுத்துக்கொண்டு வந்தன. வரிசையாக நட்ட குட்டைக் கான்கிரீட் கட்டைகளின் மேல் முதலில் மரத்தளத்தைப் படுக்கவைத்தார்கள். கிரேன் ஒவ்வொரு சுவராகத் தூக்கிக் கொடுக்க, ஆட்கள் பிடித்து நிறுத்தி போல்ட்டு முடுக்கினார்கள். காலையில் வெறும் கட்டாந்தரை, சாயங்காலம் பார்த்தால் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, பக்கவாட்டில் படிக்கட்டு. தகரக் கொட்டகைகளில் வெந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் இப்படித் தெருத்தெருவாக வீடு இறக்கியது. முதல் நாள் உள்ளே நுழைந்தபோது புது மரத்தின் வாசனை மூக்கில் ஏறியது. தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் நின்று குளித்துவிட்டு வந்த கொத்தனாரம்மா, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு மூச்சு அழுதாள். அப்பேர்ப்பட்ட சந்தோஷம்.

சாவி கொடுத்த அன்றைக்கு ஒரு இன்ஜினியரம்மா வந்திருந்தாள். சின்னப் பெண், வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. சுவருக்கு மேல் எதையும் பூசக் கூடாது, வீட்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அடைக்கக் கூடாது, காற்றுப் போனால்தான் மரம் காயும், வீடு மூச்சு விட வேண்டும், மீறினால் ஒதுக்கீடு ரத்தாகும் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தத் தெருவில் ஒரு வாட்ச்மேன் உண்டு. வாயை மூடவே மாட்டான் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவன் பின்வரிசையிலிருந்து, "நமக்கே மூச்சு விட நேரமில்ல, வீடு மூச்சு விடணுமாம்பா!" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்ஜினியரம்மாவும் பாவம், கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

சிரிப்பு அதோடு நிற்கவில்லை. ஊருக்குள் இந்த இடத்துக்குத் தீப்பெட்டிக் காலனி என்று பெயர் விழுந்துவிட்டது. ஆட்டோவில் ஏறி இடம் சொன்னால், "தீப்பெட்டியா? உரசிடாம பாத்து உக்காருங்க" என்பான் டிரைவர். எல்லோரையும்விடக் கொத்தனாருக்குத்தான் அது குத்தியது. ஊரிலிருக்கிற பாதிக் கட்டடத்துக்குச் சுவர் வைத்த மனுஷன். வேலைத்தலத்தில் சாப்பிட உட்கார்ந்தால், "ஊருக்கெல்லாம் சுவர் வைக்கிறவர் பலகைக்குள்ள படுக்கிறாருப்பா" என்று சித்தாள்கூடக் கிண்டல் செய்தாளாம். ஒரு விடுமுறை நாளில் கலவையைக் குழைத்தார். முதலில் அடியில் இருந்த இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்தார். எலி வருகிறது, நாய் குட்டி போடுகிறது, அடைக்காமல் என்ன செய்ய? பிறகு மரச்சுவரின் மேல் கோழிக்கூண்டுக் கம்பிவலையை அடித்து, அதன்மேல் சிமெண்ட் பூசி, மட்டப்பலகையால் இழுத்து, வழவழவென்று தேய்த்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டார். தெரு முனையிலிருந்து பார்த்தால் அசல் செங்கல் வீடு. கொத்தனாரம்மா எதிர்ப்பக்கம் போய் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்வானேன்.

பிறகு கேட்க வேண்டுமா? எங்க வீட்டுக்கும் பூசிக்கொடுங்க அண்ணே என்று தெருவே வந்து நின்றது. யாரிடமும் கூலி வாங்கவில்லை. ஞாயிறு ஞாயிறாக ஒவ்வொரு வீடாகப் பூசினார். தன் வீட்டுக்கு மேல் இருந்த வீட்டை மட்டும் தொடாமல்தான் இருந்தார். அதற்கும் ஒரு நாள் வந்தது. தையல்காரி புருஷனை இழந்தவள், அவளுக்கு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரே மகள். நல்ல இடமாக ஒன்று கூடிவந்தபோது தரகர், "வீடு மரத்துல இருக்கும்போல, அவங்க யோசிக்கிறாங்க" என்று இழுத்தார். தையல்காரி கீழே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொத்தனாருக்கு யார் அழுதாலும் தாங்காது. மறுவாரமே சாரம் கட்டி மேல் வீட்டையும் சுற்றிலும் பூசிக்கொடுத்தார். மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் அந்த மரத்தின் மேல் ஏறித் தொங்கியது. மாப்பிள்ளை வீட்டார் தெருவிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்ச் சரி என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிருந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை, அவன் திரும்பி வந்த பிறகுதான் இப்போது நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள்.

சாயங்காலம் கொத்தனார் வந்ததும் கொத்தனாரம்மா கையைப் பிடித்து இழுத்துப்போய் ஓட்டையைக் காட்டினாள். அவர் பூசுகிற கரணையின் முனையை உள்ளே விட்டார். அது பிடிவரைக்கும் போனது. மெதுவாக வெளியே எடுத்து வேட்டியில் துடைத்தார். அடுத்த தூணைத் தட்டினார், அதற்கு அடுத்ததையும் தட்டினார். தட்டத் தட்ட அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. தரையோரப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அங்கே தண்ணீர் ஊறியது. வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மழை நின்று எத்தனையோ நாளாகிவிட்டது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. அந்த வழியை அடைத்தது யார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"மேல அம்மாவும் பொண்ணும் இருக்காங்கங்க. ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு அத்தனை பேரு வந்து உக்காரப் போறாங்க."

அவர் போய்க் கலவை குழைத்துக்கொண்டு வந்தார். ஓட்டைக்குள் கல்லையும் கலவையையும் திணித்து, சுவிட்சுப் பெட்டியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்றிலிருந்து வீட்டில் நடமாட்டமே மாறிப்போனது. கொத்தனார் சாதாரணமாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும், நடந்தால் பாத்திரம் ஆடும். அந்த மனுஷன் இப்போது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். தண்ணீர்க் குடத்தைக் கைக்குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார். கதவைச் சாத்துவதில்லை, சாத்தினால் திறக்க வருவதில்லை, இழுத்தால் மேலே என்னமோ கிறீச்சிடுகிறது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கையளவு கலவை குழைத்துக்கொண்டு வெளியே போவார். ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஒரு விரிசல் கோணலாக இறங்கியிருக்கும். அதை அடைத்து, தேய்த்து, சுண்ணாம்பும் தடவிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் அது அதே இடத்தில் கொஞ்சம் தடித்து நிற்கும். கொத்தனாரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே யாராவது நடந்தால் கை வேலையை விட்டுவிட்டு, காலடி எந்தப் பக்கம் போகிறதென்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே நிற்பாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கடைக்குப் போகும்போதுதான் அவள் மற்ற வீடுகளைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற வீடுகள்தான், ஆனால் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அடுத்த வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் சாம்பல் நிறத்தில் புதுச் சிமெண்ட் கோடு. அதற்கடுத்த வீட்டிலும் அதே மூலையில் கோடு. அதற்கடுத்ததில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. ஒரு வீட்டில் கோட்டை மறைத்துச் செடித்தொட்டி வைத்திருந்தார்கள், இன்னொன்றில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். தெரு முடிகிற வரைக்கும் ஒரு வீடு பாக்கியில்லை.  கடைசி வீட்டு வாசலில் ரேடியோ உட்கார்ந்து செருப்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, சுவர்ல கோடு மாதிரி..." என்று ஆரம்பித்தாள்.

ரேடியோ நிமிரவில்லை. "என்ன கோடு?"

"எல்லார் வீட்டுலயும் இருக்கே."

"மழையில மரம் ஊறும், வெயில்ல சரியாயிடும்." செருப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "கொத்தனாரம்மா, விஷயம் ஆபீஸுக்குப் போச்சுன்னா மொத்தத் தெருவையும் காலி பண்ணச் சொல்லிடுவான். பூசக் கூடாதுன்னு சொல்லித்தானே சாவியே கொடுத்தான்? திரும்பப் போய்த் தகரத்துக்கு அடியில உக்கார்றதா? நீங்க ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல. போய்ட்டு வாங்க."

நாள் முழுக்க ஓயாமல் பேசுகிறவன் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திரும்பி நடந்தபோது ஒவ்வொரு வாசலிலும் ஆள் இருந்தது. என்னக்கா கடைக்கா என்று கேட்டார்கள், சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

தையல்காரியிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு மேலே போனாள். படி ஏறும்போதே கைப்பிடி ஆடியது. உள்ளே தையல்காரி சீர்த்தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். "வாங்கக்கா, வாங்கக்கா, இந்தப் புடவையைப் பாருங்க, நானே ஓரம் அடிச்சேன்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகம் இப்படி மலர்ந்து கொத்தனாரம்மா பார்த்ததில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் புடவை ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கூட்டம் ஜாஸ்தியா வரும்போல இருக்கே. ஏதாவது ஹாலு பிடிச்சு வச்சுக்கலாமே?" என்றாள் கடைசியில்.

"என்னக்கா நீங்க! அவங்க வீட்டைப் பாக்கத்தானே வர்றாங்க. ஹால்ல வச்சா இவ வீட்டுல என்னமோ இருக்குன்னு நினைக்க மாட்டாங்களா?"

கொத்தனாரம்மா தலையை ஆட்டினாள். எழுந்து வரும்போதுதான் கவனித்தாள், தையல் மெஷினின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் துணியை மடித்து மடித்து வைத்திருந்தது. கட்டிலுக்கும் அந்தப் பக்கம் மட்டும் செங்கல் கொடுத்திருந்தது. தரை அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு போவது அவள் பாதத்துக்கே தெரிந்தது.

நிச்சயத்தன்று விடிந்ததும் கொத்தனார் ஒரு மினி லாரியோடு வந்து இறங்கினார். வேலைத்தலத்திலிருந்து, தளம் போடும்போது தாங்கக் கொடுக்கிற சென்ட்ரிங் முட்டுகளை இரவல் வாங்கி வந்திருந்தார். இரும்பு முட்டுகள் கிடைக்காததால் சவுக்குக் கம்புகள்தான். ஜன்னலைச் சாத்தி, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, கட்டிலையும் பீரோவையும் சமையலறைக்குள் தள்ளிவிட்டு, கூடத்தில் வரிசையாகக் கம்புகளை நிறுத்தினார். மேலே உத்தரத்துக்கு ஒரு பலகை, கீழே தரைக்கு ஒரு பலகை, நடுவில் கம்பு, அடியில் ஆப்பு. சுத்தியலில் துணியைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் அடித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் கடைசியில் சொந்த வீட்டுக்குக் கம்பு நடத்தான் வந்து நின்றதே என்று கொத்தனாரம்மா நினைத்துக்கொண்டாள். அந்த மனுஷன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"தாங்குமா?" என்றாள்.

"மேல பாரம் தாங்கும். கீழ தரைதான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். கம்பு நிற்கிற தரையும் அதே மரம்தானே. "சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

அந்தச் சமயம் பார்த்துத் தையல்காரி ஜமுக்காளம் கேட்டுக்கொண்டு கதவைத் தள்ளிவிட்டாள். சாத்தாத கதவுதானே, திறந்துகொண்டது. பட்டுப்புடவையும் பூவுமாக வாசலில் நின்றவள் கம்புகளைப் பார்த்தாள், கொத்தனாரைப் பார்த்தாள். கொத்தனார் சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டு குழந்தைபோல் நின்றார். கொத்தனாரம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இந்த வீடு உள்ள உளுத்துப்போச்சும்மா. உன் கால்ல விழறேன், மேல வேண்டாம்."

தையல்காரி கதவைத் தன் பின்னால் இழுத்து மூட முயன்றாள், அது அசையவில்லை. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும்க்கா. என் தரை எனக்குத் தெரியாதா? ராத்திரி அவளைச் சுவரோரமா படுக்க விடறதில்ல நான். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்க்கா. ஒரு நாள். அவ இந்த வீட்டை விட்டுப் போயிட்டா அப்புறம் எம்மேல விழுந்தாலும் பரவாயில்ல." கண்ணைத் துடைத்தால் மை கலைந்துவிடும் என்று இமைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தக் கம்புகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து ஜமுக்காளத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

வேன் வந்தது. பின்னாலேயே இன்னொரு வேன். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச் சட்டையும் கனத்த உடம்புமாக இறங்கினார். வாசல் சுவரைப் புறங்கையால் தட்டிப் பார்த்து, "நல்ல பூச்சு" என்று யாரிடமோ சொன்னார். பெண்கள் தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். அதற்குள் சின்னதும் பெரிசுமாகக் குழந்தைகள் கூட்டம் ஒன்று வேனிலிருந்து குதித்து, பெரியவர்கள் கத்துவதைக் காதில் வாங்காமல், தடதடவென்று படியேறி மேலே ஓடிவிட்டது. கொத்தனாரம்மா வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு கண்ணில் தெருவும் ஒரு கண்ணில் கூடமும் தெரிந்தன. மேலே குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கின. கூடத்தில் உத்தரத்திலிருந்து மரத்தூள் பொலபொலவென்று கொத்தனார் தலையில் கொட்டியது. ஒரு ஆப்பு தானாக நழுவிச் சுவரில் போய் அடித்தது. அவர் பாய்ந்து அதை எடுத்து அடித்தார். அதற்குள் அடுத்த கம்பின் அடிப்பலகை தரைக்குள் அழுந்த ஆரம்பித்திருந்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மனுஷன் பயந்துபோயிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா முதல் படியில் கால் வைத்தபோது கொத்தனாரம்மா ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"மேல போகாதீங்க. புள்ளைங்களைக் கீழ கூப்பிடுங்க. வீடு தாங்காது."

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஏதோ சடங்கு, வழிமறித்துக் காசு கேட்கிற விளையாட்டு என்று நினைத்து ஒரு பெண் சிரிக்கக்கூடச் செய்தாள். கொத்தனாரம்மா அந்தப் பெரியவரின் கையைப் பிடித்து, அந்நிய ஆம்பிளை என்றுகூடப் பார்க்காமல், இழுத்துப்போய்க் கூடத்தைக் காட்டினாள். கம்புகளுக்கு நடுவில் தலையெல்லாம் தூளோடு கொத்தனார் நின்றார். பெரியவர் சுவரைத் தட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து, பதறாமல், ஒவ்வொரு குழந்தையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறங்கவைத்தார். தட்டுகள் வேனுக்குத் திரும்பிப் போயின. "பரவாயில்லம்மா, இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்று தையல்காரியிடம் மரியாதையாகச் சொன்னார். மாப்பிள்ளைப் பையன் மட்டும் வேன் ஜன்னல் வழியாக மேல்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனான். இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

வேன்கள் தெரு முனையில் திரும்பி மறைந்தன. பிறகு ரேடியோதான் வாயைத் திறந்தான். "நாளைக்கு இல்லன்னா நாளன்னைக்கு ஆபீஸ்ல இருந்து வந்து நிப்பான். மூட்டையைக் கட்டுங்க எல்லாரும்." அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். இத்தனை நாள் நிற்கலையா, இன்னும் ஒரு மணி நேரம் நிற்காதா? ஒரு பெண்ணோட வாழ்க்கையைக் கெடுத்துட்டியே? பூசினது உன் புருஷன்தானே, எங்களைக் கேட்டா பூசினான்? கேட்டுத்தான் பூசினார், கெஞ்சித்தான் கேட்டீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கொத்தனார் வாசலுக்கு வெளியே சிமெண்ட் மூட்டையின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டாள்.

வீடு நின்றது. வெயில் ஏறியது, வீடு அப்படியே நின்றது. பேசி ஓய்ந்து வீட்டுக்குப் போன தெருக்காரர்கள் திரும்பி வந்து எதிர்ப்பக்கம் நிழலில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகூடப் போட்டுக்கொண்டார்கள். ஒரு பல்லிகூட அசையவில்லை, சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது, அசல் செங்கல் வீடு மாதிரியே இருந்தது. விழுந்து தொலையேன் என்று கொத்தனாரம்மா மனசுக்குள் கெஞ்சினாள். ஆள் இல்லாத வீடுதானே, இப்போது விழுந்துவிட்டால் என்ன? இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே பகீரென்றது. தான் ஆசை ஆசையாகக் குளித்து, சமைத்து, படுத்து எழுந்த வீடு.

தையல்காரி இவ்வளவு நேரமும் பூவோடும் பட்டோடும் நடுத்தெருவில் நின்றிருந்தாள். யாரையும் திட்டவில்லை. மேலிருந்து இறங்கி வந்த மகள் அடுத்த வீட்டுப் படியில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். திடீரென்று தையல்காரி புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினாள். யாரும் தடுக்கவில்லை, சாமான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சத்தம் வந்தது. தொம். பிறகு இன்னொரு தொம். இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக் கூடத்தின் நடுவில் மிதித்தாள்.

"எங்க விழுது? வந்து காட்டச் சொல்லுங்க அந்தக் கீழ்வீட்டு அக்காவை! எங்க விழுது?"

வீடு நிற்பதைப் பார்க்க மிதிக்கிறாளா, விழவைக்க மிதிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. "ஏம்மா, இறங்கி வாம்மா!" என்று ரேடியோ அலறினான். ஜன்னல் மூலையில் காலையில் அடைத்த கோடு சத்தமில்லாமல் திறந்துகொண்டது. கைப்பிடியளவு பூச்சு கழன்று வாசலில் விழுந்து உடைந்தது. எதிர்ப்பக்கம் நாற்காலிகள் சாய, எல்லோரும் எழுந்தார்கள். மகள், "அம்மா!" என்று வீறிட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் படியில் ஏறினாள்.

அதற்குள் கொத்தனார் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். கொத்தனாரம்மா வேண்டாங்க வேண்டாங்க என்று பின்னாலேயே ஓடினாள். அவர் ஒவ்வொரு கம்பாகத் தாவித் தாவி ஆப்பை அடித்துக்கொண்டிருந்தார். இங்கே அடித்தால் அங்கே நழுவியது. தூள் கண்ணை மறைத்தது. மேலே ஒரு மிதி விழுந்தது, கம்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதறின. தலைக்கு மேல் மகளின் காலடி ஓடி வந்தது. கொத்தனார் சுத்தியலைப் போட்டுவிட்டு நடுக்கம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கொத்தனாரம்மா எதிரில் போய் நின்று அவர் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து இறுக்கிப் பிடித்தாள். மேலே சத்தம் நின்றது. இரண்டு பேரும் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.